ரூபாய் விழுந்தால் பனியனுக்கு எவ்வளவு மிஞ்சும்? பக்கத்து நாட்டு நாணயத்தையும் சேர்த்து ஒரு கணக்கு

2025 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு டாலர் முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. அன்று எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரே பேச்சு: இறக்குமதி செய்பவர்களுக்குத் திண்டாட்டம், ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கொண்டாட்டம். முதல் பாதி சரிதான். இரண்டாம் பாதியைத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்துக்குள் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ரூபாய் எத்தனை காசு விழுந்தது என்று மட்டும் பார்த்தால் அங்கே பிழைப்பு ஓடாது. வங்கதேச நாணயமான டாக்கா எவ்வளவு விழுந்தது, வியட்நாம் நாணயமான டாங் என்ன ஆனது, நூல் விலை எப்போது ஏறும், பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனம்) எப்போது தள்ளுபடி கேட்பார் என்று நாலையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் மிச்சம் தெரியும்.

ஒரே ஒரு டி-ஷர்ட்டை வைத்தே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

காஸ்டிங் ஷீட்டில் (அடக்கவிலைக் கணக்குத் தாளில்) நடப்பது

180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி, முழுப் பருத்தி, ரவுண்ட் நெக், மார்பில் ஒரு பிரிண்ட். எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றிக்கொடுக்கும் வரையிலான விலை) 2 டாலர் 20 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். எண்களைக் கணக்குக்காக முழுமையாக்கியிருக்கிறேன். ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது.

டாலர் 85 ரூபாயாக இருந்தால் வரவு 187 ரூபாய். செலவில் துணி 92 (நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கழிவு எல்லாம் சேர்த்து), கட்டிங் முதல் அயர்னிங், பேக்கிங் வரை கூலி 46, பிரிண்ட், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 18, லாரி, துறைமுகம், வங்கிச் செலவு 9, வட்டியும் அலுவலகச் செலவும் 9. ஆக 174. மிச்சம் 13 ரூபாய், அதாவது 7 சதவீதம்.

இப்போது டாலர் 90 ஆகிறது. வரவு 198. செலவு அப்படியே இருந்தால் மிச்சம் 24 ரூபாய். ரூபாய் 6 சதவீதம்கூட விழவில்லை, லாபம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. தொலைக்காட்சி சொல்லும் கொண்டாட்டம் இதுதான். இது காகிதத்தில் மட்டும், அதுவும் இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும்.

முதலில் நூல். துணியின் 92 ரூபாயில் ஏறத்தாழ 60 ரூபாய் நூலுக்குப் போகிறது. உள்ளூர் மில்லில் வாங்கும் நூல், உள்ளூர்ப் பஞ்சு, ரூபாயில் பில். இதற்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். மில்லுக்கு ஏற்றுமதி வாய்ப்பு திறந்திருக்கிறது என்பதுதான் சம்பந்தம். ரூபாய் விழுந்தவுடன் அதே நூலை வெளிநாட்டுக்கு விற்றால் மில்லுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். அப்படியிருக்க உள்ளூர் நிட்டருக்கு அவர் ஏன் பழைய விலைக்குக் கொடுக்க வேண்டும்? பஞ்சுச் சந்தையும் இப்படித்தான். ஒரு கண்டிப் பஞ்சின் விலை (356 கிலோ) உலகச் சந்தையையும் டாலரையும் பார்த்தே நகரும். கப்பலில் வராத சரக்கும் டாலர் விலையில்தான் இருக்கிறது. ஏற்றுமதியாளர்கள் பலர் கணக்கில் விட்டுவிடுவது இதைத்தான். நேரடியாக இறக்குமதி செய்வதை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

60 ரூபாய் நூல் 6 சதவீதத்தை ஒட்டி ஏறினால் 3 ரூபாய் 50 காசு. சாயத்திலும் கெமிக்கலிலும் டாலரோடு ஏறும் பங்கு 10 ரூபாய் என்றால் அதில் 60 காசு. பையரே ஆள் காட்டி வாங்கச் சொல்லும் லேபிள், ஹேங்டேக் போன்றவை ஹாங்காங்கிலிருந்தோ சீனாவிலிருந்தோ டாலர் பில்லில் வரும். அதில் 50 காசு. செலவு 174-லிருந்து 178 ரூபாய் 60 காசைத் தொட்டுவிட்டது.

அடுத்து பையர். அவர் கையில் உங்களுடைய காஸ்டிங் ஷீட்டைப் போலவே ஒன்று இருக்கிறது. துணி எத்தனை கிராம், ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடத் தையல், எந்த ரேட்டில் டாலரை மாற்றியிருக்கிறீர்கள் என்று அந்த ஷீட்டில் தனித்தனிக் கட்டம் உண்டு. ரூபாய் 90 ஆன வாரமே மெயில் வரும். 2.20-ஐ 2.14 ஆக்கச் சொல்வார். அந்த 6 சென்ட் கொடுத்தால் வரவு 192 ரூபாய் 60 காசு. செலவைக் கழித்தால் மிச்சம் 14.

13 ரூபாய் 14 ரூபாயாயிற்று. ரூபாயின் சரிவில் ஏற்றுமதியாளருக்குத் தங்கியது அவ்வளவுதான். மீதி பருத்தி வைத்திருந்தவருக்கும், மில்லுக்கும், லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் கடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த ஷீட்டில் டாலரோடு ஏறாமல் நின்றது எது என்று திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் கூலி. 46 ரூபாய் கூலி 85-ல் 54 சென்ட், 90-ல் 51 சென்ட். நாணயம் விழுந்ததால் ஒரு நாட்டின் ஏற்றுமதிக்குக் கிடைக்கும் போட்டித்திறனைப் பிரித்துப் பார்த்தால், அதன் பெரும்பகுதி டாலர் கணக்கில் நடந்த கூலிக் குறைப்பு. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை, ஆனாலும் நடந்துவிட்டது. பொருளாதாரப் பாடத்தில் இதை நாசூக்காகச் சொல்வார்கள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அரிசியும் எண்ணெயும் விலை ஏறும்போது நேராகவே புரியும்.

டாக்காவோடு ஒப்பிடும்போது

வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2018 டிசம்பரில் 8,000 டாக்காவாக நிர்ணயிக்கப்பட்டது. அப்போது ஒரு டாலர் 84 டாக்கா, ஆக 95 டாலர். 2022-ல் டாக்கா சறுக்கத் தொடங்கி 2023 தொடக்கத்தில் 105-ஐ ஒட்டி வந்தது. அதே 8,000 அப்போது 76 டாலர்தான். போராட்டங்களுக்குப் பிறகு 2023 டிசம்பர் முதல் 12,500 டாக்கா ஆக்கினார்கள். 56 சதவீத உயர்வு என்று செய்தி வந்தது. டாலர் 110 டாக்காவாக இருந்த அந்த மாதத்தில் அது 113 டாலர் சொச்சம். டாக்கா 122-ஐத் தொட்டபோது அதுவே 102 டாலருக்கு இறங்கிவிட்டது. ஏழாண்டில் டாலர் கணக்கில் ஏறியது ஏழு எட்டு டாலர்தான்.

இதை வைத்து "டாக்கா இவ்வளவு விழுந்தால் திருப்பூர் எப்படிப் போட்டி போடும்" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு முன் அதற்கு முந்தைய பத்தாண்டைப் பார்க்க வேண்டும். வழக்கமான பாடம் அங்கே பொருந்தவே பொருந்தாது.

2013 தொடக்கத்தில் ஒரு டாலர் 55 ரூபாய். அந்த ஆகஸ்ட் 28-ல் 68-ஐத் தாண்டியது. 2022 தொடக்கத்தில் 74, 75. அதே காலத்தில் டாக்கா 79-லிருந்து 86 வரை மட்டுமே நகர்ந்தது. வங்கதேச மத்திய வங்கி அதை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. அதாவது ஒன்பது ஆண்டுகள் நம் நாணயம்தான் மலிவாகிக்கொண்டே போனது. பாடப்புத்தகப்படி ஆர்டர்கள் திருப்பூருக்கு ஓடி வந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஏற்றுமதி 2012-13 நிதியாண்டில் சுமார் 2,150 கோடி டாலராக இருந்தது, 2021-22-ல் 4,260 கோடி ஆனது. இந்தியா 1,600 கோடியை ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தது.

காரணங்கள் நாணயத்துக்கு வெளியே இருந்தன. குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு என்ற தகுதியில் வங்கதேசச் சட்டை ஐரோப்பாவுக்குள் சுங்கவரி இல்லாமல் போயிற்று. இந்தியச் சட்டை 9.6 சதவீதம் கட்டிவிட்டுப் போயிற்று. அங்கே ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கான மெஷின்கள், ஒரே ஸ்டைலில் பல லட்சம் பீஸ். இங்கே ஜாப் ஒர்க்கில் பிரிந்து கிடக்கும் சின்ன யூனிட்டுகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்கா வலுவாக இருந்தது அவர்களுக்கு இடைஞ்சலாக இல்லை, உதவியாகவும் இருந்தது. பஞ்சு கிட்டத்தட்ட முழுவதும் இறக்குமதி, மெஷின் இறக்குமதி, எரிபொருளும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குமதிக்கு மாறிக்கொண்டிருந்தது. நாணயம் அசையாமல் இருந்ததால் ஐந்தாண்டுக்கு மெஷின் கடன் வாங்குபவருக்குக் கணக்கு தெளிவாக இருந்தது.

அங்கே துணி, நூல் கொள்முதல் நடக்கும் விதத்தையும் தெரிந்துகொண்டால் நல்லது. பையர் கொடுத்த எல்.சி.யை (சரக்கு ஏற்றிய ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக அவருடைய வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) அடமானமாக வைத்து, அதன் பேரில் நூலுக்கும் துணிக்கும் இன்னொரு எல்.சி. திறப்பார்கள். பேக்-டு-பேக் எல்.சி. என்பது இது. உள்நாட்டு மில்லில் வாங்கும் நூலுக்குக்கூட இது பெரும்பாலும் டாலரிலேயே இருக்கும். எனவே டாக்கா விழும்போது ஆடைத் தொழிற்சாலைக்கு மலிவாவது தையல் கூலி, உள்ளூர் வாடகை, நிர்வாகச் செலவு மட்டும். சரக்குச் செலவு டாலரில் நுழைந்து டாலரிலேயே வெளியேறுகிறது.

டாக்கா உண்மையில் விழுந்த 2022-24 காலத்தில் இது பளிச்சென்று தெரிந்தது. நாணயம் விழுந்ததே டாலர் தட்டுப்பாட்டால்தான். தட்டுப்பாடு இருந்ததால் வங்கிகள் எல்.சி. திறக்கத் தயங்கின, பஞ்சும் உதிரிபாகமும் தாமதமாயின. பெரிய ஆலைகளுக்கு ஒரு கன மீட்டர் எரிவாயு 12 டாக்காவை ஒட்டி இருந்தது, 2023 பிப்ரவரியில் 30 டாக்கா ஆயிற்று. 2024 மே 8 அன்று டாலர் ரேட்டை ஒரே நாளில் 110 டாக்காவிலிருந்து 117-க்கு மாற்றினார்கள். ஆகஸ்டில் ஆட்சியே மாறியது. விழுந்த நாணயத்தின் பலனை அனுபவிக்க ஆலை ஓட வேண்டும், கேஸ் வர வேண்டும், கப்பல் கிளம்ப வேண்டும். நாணயம் சும்மா விழுவதில்லை. எதற்காக விழுந்ததோ அந்த நோய் ஏற்றுமதியாளரையும் படுக்க வைக்கும்.

இலங்கையில் இது இன்னும் கடுமையாக நடந்தது. 2022 மார்ச்சில் 200-ஐ ஒட்டியிருந்த இலங்கை ரூபாய் மே மாதத்தில் 360-ஐ எட்டியது. ஆனால் அடுத்த ஆண்டு, 2023-ல், ஜவுளி மற்றும் ஆடை ஏற்றுமதி கூடவில்லை. 600 கோடி டாலரை ஒட்டி இருந்தது 500 கோடிக்குக் கீழே போனது. துணியின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகள் கையிருப்பைக் குறைத்துக்கொண்டிருந்தன. வாங்க ஆளில்லாத ஆண்டில் மலிவாக இருந்து என்ன பயன்?

ஒப்பிடுவது எப்படி

நாளிதழில் வரும் டாலர் ரேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மூன்று படி ஏற வேண்டும்.

முதல் படி, இரண்டு நாணயங்களும் ஒரே காலத்தில் டாலருக்கு எதிராக எவ்வளவு மாறின என்று பார்ப்பது. 2022 தொடக்கத்தில் ரூபாய் 74.5, டாக்கா 86. 2024 இறுதியில் ரூபாய் 85.5, டாக்கா 120. ஒரு டாலருக்கு இந்திய ஏற்றுமதியாளருக்கு 15 சதவீதம் கூடுதல் ரூபாய். வங்கதேசத்தவருக்கு 40 சதவீதம் கூடுதல் டாக்கா. 1.40-ஐ 1.15-ஆல் வகுத்தால் அவர்களுக்கு 21 சதவீதம் முன்னிலை. பலர் இங்கேயே நின்று பயந்துவிடுவார்கள்.

இரண்டாம் படி, உள்நாட்டு விலைவாசியைக் கழிப்பது. அந்த மூன்றாண்டில் இந்தியாவில் நுகர்வோர் விலைகள் சுமார் 18 சதவீதம் ஏறின. வங்கதேசத்தில் சுமார் 30 சதவீதம். 1.40 வகுத்தல் 1.30, 1.15 வகுத்தல் 1.18, இரண்டையும் ஒப்பிட்டால் முன்னிலை பத்து சதவீதத்தை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. 21-ல் பாதி பணவீக்கத்தில் கரைந்தது.

மூன்றாம் படி, இந்தப் பத்து சதவீதம் ஆடையின் எந்தப் பங்கைத் தொடுகிறது என்று பார்ப்பது. சரக்கு டாலரில் இருப்பதால் உள்ளூர்ச் செலவு எஃப்.ஓ.பி.யில் 35 முதல் 40 சதவீதம் என்று வைத்தால், விலையில் கிடைக்கும் முன்னிலை 4 சதவீதம். அதாவது மூன்றாண்டு காலப் பெருஞ்சரிவின் நிகரப் பலன், ஐரோப்பிய சுங்கவரியில் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்த 9.6 சதவீத வசதியில் பாதிகூட இல்லை. திருப்பூர் டாலர் ரேட்டைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட வர்த்தக ஒப்பந்தங்களைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இந்த எண்ணால்தான்.

இரண்டாம் படியை விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துருக்கி சாட்சி. லிரா ஆண்டுதோறும் விழுகிறது, எனவே துருக்கி ஆடை மலிவாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றும். 2022 ஜனவரியில் கைக்கு வரும் குறைந்தபட்ச ஊதியம் 4,253 லிரா, அன்றைய ரேட்டில் 315 டாலரை ஒட்டி. 2025 ஜனவரியில் 22,104 லிரா. ஒரு டாலர் 35 லிரா ஆகியிருந்தும் 620 டாலருக்கு மேல். நாணயம் விழுந்த வேகத்தைவிட விலைவாசியும் கூலியும் வேகமாக ஓடின. துருக்கி ஆடை நிறுவனங்கள் எகிப்தில் ஆலை போட்டன. அங்கே 2024 மார்ச் 6 அன்று எகிப்திய பவுண்டு ஒரே நாளில் டாலருக்கு 31-லிருந்து 50-ஐ நெருங்கி மலிவானது.

வியட்நாமுக்கு வேறு கணக்கு. டாங் ஆண்டுக்குச் சில சதவீதமே நகரும். ஆனால் அங்கே துணி பெரும்பாலும் சீனாவிலிருந்து வருவதால் யுவான் மலிவானால் அவர்களுக்கும் சரக்கு மலிவு. அவர்களுக்குப் போட்டியாளரும் சீனாவே, மூலப்பொருள் கொடுப்பதும் சீனாவே. பாலியஸ்டர் ஆடையில் ரூபாய்–டாங் ஒப்பீட்டைவிட ரூபாய்–யுவான் ஒப்பீடு அதிகம் பேசும்.

ஒருவர் விழுந்தால் அடுத்தவர்

போட்டி நாடுகளின் நாணயங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுவதற்கு 1997 ஆசிய நெருக்கடியே பாடம். சீனா 1994 ஜனவரி 1 அன்று அரசு ரேட்டை டாலருக்கு 5.8-லிருந்து 8.7 யுவானாக்கியது. இதைத்தான் நெருக்கடியின் விதை என்று பலர் எழுதுகிறார்கள். ஏற்றுமதிப் பணத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே சந்தை ரேட்டில்தான் மாறிக்கொண்டிருந்தது என்பதால் அந்த வாதத்தில் பாதிதான் பலம். ஜப்பானிய யென்தான் அதிகம் உறுத்தியது. 1995 ஏப்ரலில் ஒரு டாலர் 80 யென்னுக்குக் கீழ். 1997 மே தொடக்கத்தில் 127-ஐ ஒட்டி. தாய்லாந்தின் பாட் டாலரோடு 25-ல் கட்டிக் கிடந்ததால், டாலர் வலுத்தபோது அதுவும் சேர்ந்து வலுத்தது. 1995-ல் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த தாய்லாந்து ஏற்றுமதி 1996-ல் நின்றே போயிற்று.

1997 ஜூலை 2 அன்று பாட் கட்டவிழ்க்கப்பட்டது. பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா சில வாரங்களில் பின்தொடர்ந்தன. அக்டோபரில் தைவானும் தன் நாணயத்தை இறங்கவிட்டது. தைவானிடம் அந்நியச் செலாவணிக்குப் பஞ்சமே இல்லை. போட்டியாளர்கள் எல்லோரும் மலிவாகிவிட்ட பிறகு தான் மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதே நிலை. அதன் பிறகுதான் ஹாங்காங் மீதும் கொரியா மீதும் அழுத்தம் ஏறியது. எல்லோரும் ஒன்றாக விழுந்ததில் விலை முன்னிலை யாருக்கும் நிற்கவில்லை, டாலர் விலைகள்தான் இறங்கின. இந்தோனேசிய வங்கிகளின் எல்.சி.யை வெளிநாட்டு வங்கிகள் ஏற்க மறுத்ததால், ரூபியா அடிமட்டத்தில் இருந்தும் மூலப்பொருள் வாங்க முடியாமல் ஆலைகள் நின்றன.

டாலரா, யூரோவா

"ரூபாய் விழுகிறது" என்று சொல்லும்போது எதற்கு எதிராக என்று கேட்காமல் ஆர்டர் விலை பேசக் கூடாது. 2022-ல் ரூபாய் டாலருக்கு எதிராக 74-லிருந்து 80-ஐத் தொட்டது. அதே காலத்தில் யூரோ அதைவிட வேகமாக விழுந்து டாலருக்குச் சமமாகியது. ஜனவரியில் 84 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ ஆகஸ்டில் 80-ஐ ஒட்டி வந்தது. ஜெர்மன் பையருக்கு யூரோவில் விலை கொடுத்திருந்தவருக்கு வருமானம் குறைந்தது, நூல் விலையோ உச்சத்தில். டாலரில் விலை கொடுத்தவர் தப்பித்தாரா? உடனடியாகத் தப்பித்தார். ஆனால் அந்தப் பையருக்குச் சரக்கு யூரோ கணக்கில் விலை ஏறியதால் அடுத்த சீசன் ஆர்டர் சுருங்கியது.

உலக வணிகத்தில் பெரும்பங்கு டாலரில் விலை குறிக்கப்படுவதால் இப்படித்தான் நடக்கும் என்று கீதா கோபிநாத் போன்ற பொருளாதார வல்லுநர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்றுமதி நாட்டின் நாணயம் விழும்போது டாலர் விலை உடனே இறங்குவதில்லை, எனவே விற்கும் அளவும் உடனே கூடுவதில்லை. ஆனால் டாலர் எல்லோருக்கும் எதிராக ஏறினால் அமெரிக்கா அல்லாத நாடுகள் வாங்குவது குறைகிறது. 2025-ல் நேர்மாறு: யூரோ ஆண்டுத் தொடக்கத்தில் 88 ரூபாய், டிசம்பரில் 105-ஐ ஒட்டி. யூரோவில் பில் போட்டவர்களுக்குத்தான் அந்த ஆண்டு உண்மையில் காசு.

அமெரிக்காவுக்கு அனுப்பியவர்களுக்கு எந்த ரேட்டும் போதவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அந்த ஆண்டு முடியும் வரை இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவீதமாக இருந்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20. பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான வரி 16.5. நம் 2.20 டாலர் சட்டை வரியோடு 3.66 ஆனது; அவர்களுடையது 3.00. சமன் செய்ய நாம் 1.80-க்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே 187 ரூபாய் கைக்கு வர டாலர் 104 ரூபாயைத் தொட வேண்டியிருந்தது, அதுவும் நூல் ஒரு காசு ஏறாமல். 85-லிருந்து 90 எங்கே, 104 எங்கே.

ரேட்டைப் பூட்டுவதும் அதில் வரும் கோளாறும்

ஆர்டர் உறுதியாகி, நூல் வாங்கி, சரக்கு ஏறி, பணம் வர நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். இந்த இடைவெளியில்தான் ரேட் விளையாடும்.

காஸ்டிங்கில் இன்றைய ரேட்டைப் போடக் கூடாது. பணம் வரும் மாதத்துக்கு வங்கி தரும் ஃபார்வர்ட் ரேட்டைக் கேளுங்கள். டாலரைப் பின்னொரு தேதியில் விற்க இன்றே ஒப்புக்கொள்ளும் ரேட் அது; இன்றைய ரேட்டைவிட அதில் கிடைக்கும் கூடுதலுக்கு ஃபார்வர்ட் பிரீமியம் என்று பெயர், ரூபாய்க்கு அது உண்டு. அது ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால், 90 ரூபாய் டாலரை ஆறு மாதத்துக்குப் பிறகு விற்க இன்றே ஒப்புக்கொண்டால் 90 ரூபாய் 90 காசு கிடைக்கும். 7 சதவீத லாபத்தில் ஓடும் தொழிலில் ஒரு சதவீதத்தைச் சும்மா விடுவதற்கில்லை.

ஆர்டர் மதிப்பு முழுவதையும் முதல் நாளே பூட்டாதீர்கள். எல்.சி. அல்லது உறுதியான பர்ச்சேஸ் ஆர்டர் வந்ததும் பாதி, துணி கட்டிங்குக்குப் போனதும் கால் பங்கு, மீதி ஷிப்மென்ட் அன்று. காரணம், ஆர்டர் ரத்தாகும், அளவு குறையும், ஷிப்மென்ட் தள்ளும். டாலர் வராமல் ஃபார்வர்ட் ஒப்பந்தம் மட்டும் நின்றால் சந்தையில் டாலர் வாங்கி வங்கிக்குக் கொடுப்பதற்குச் சமம். ரூபாய் அதற்குள் இன்னும் விழுந்திருந்தால் அந்த வித்தியாசம் கைப்பணத்திலிருந்து போகும். ரூபாய் விழுந்ததால் ஒரு ஏற்றுமதியாளர் நஷ்டப்படும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது.

பேக்கிங் கிரெடிட்டை (ஆர்டரைச் செய்து முடிக்க வங்கி தரும் முன்கடனை) டாலரில் எடுப்பவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். டாலர் கடனை வாங்கிய அன்றே அது ரூபாயாக மாறி நூலுக்குப் போய்விட்டது. பின்னால் வரும் ஏற்றுமதி டாலர் நேராகக் கடனை அடைக்கும். அதாவது அந்த டாலருக்கு அன்றே ரேட் பூட்டியாயிற்று. அதே ஆர்டருக்கு ஃபார்வர்டும் போட்டால் ஒரே டாலரை இரண்டு முறை விற்றதாகும். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எதிரே கடனா, ஃபார்வர்டா, திறந்தா என்று ஒரு கட்டம் போட்டுக் குறித்துவந்தால் இது நேராது. கணக்காளர் ஒருவரும் வங்கிக்குப் போய்வருபவர் வேறொருவருமாக இருக்கும் அலுவலகங்களில்தான் இது அதிகம் நடக்கிறது.

ஏற்றுமதி டாலரை வங்கியின் அந்நியச் செலாவணிக் கணக்கில் வைத்துக்கொண்டு ரேட் ஏறட்டும் என்று காத்திருக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் வந்ததை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் மாற்றியாக வேண்டும். அதற்கு மேல் ஊகத்துக்கு இடமில்லை. இல்லாமல் இருப்பதே நல்லது. 2007-ல் ரூபாய் 44-லிருந்து 39-க்கு வலுத்தபோது, அடிபட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலருக்கு சுவிஸ் பிராங்க், யென் சார்ந்த சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் விற்கப்பட்டன. ஜட்டி, பனியன் விற்றுச் சம்பாதித்தவர்கள் தங்களுக்கு வரவே வராத நாணயங்களின் மீது பந்தயம் கட்டியதுபோல் ஆயிற்று. 2008-ல் நஷ்டம் கோடிகளில் வந்து, வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. உங்களுக்கு வரவும் செலவும் இல்லாத நாணயத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அந்தத் தள்ளுபடி மெயில். "ரூபாய் விழுந்திருக்கிறதே, விலையைக் குறை" என்று பையர் கேட்டால், முதலில் எந்தத் தேதி ரேட்டில் இந்த ஆர்டரின் டாலர் பூட்டப்பட்டது என்று பாருங்கள். 85-ல் பூட்டியிருந்தால் 90 உங்களுக்கு வரவே போவதில்லை. அதை மறைக்காமல் எழுதிவிடலாம். நடப்பு ஆர்டருக்குக் குறைப்பு இல்லை, அடுத்த ஆர்டருக்கு மட்டும் என்று பிரியுங்கள். கொட்டேஷனில் "ஒரு டாலர் இத்தனை ரூபாய், நூல் கிலோ இத்தனை ரூபாய் என்ற அடிப்படையில்" என்று இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். ரேட்டை மட்டும் எழுதினால் நூல் ஏறும்போது பேச ஆதாரம் இருக்காது. டாக்காவைக் காட்டிப் பையர் அழுத்தினால், மேலே சொன்ன மூன்று படிக் கணக்கை எடுத்து வையுங்கள். 21 சதவீதம் என்று தொடங்கும் பேச்சு 4 சதவீதத்துக்கு வரும். ரூபாய் வலுத்தால் விலையை ஏற்றித் தருவேன் என்ற ஒப்புதல் எந்தப் பெரிய பையரிடமும் கிடைக்காது, கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குப் பதில் 90 நாள் தவணையை 60 ஆக்கக் கேட்கலாம். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் ஒரு மாதம் என்பது முக்கால் சதவீதம், நம் டி-ஷர்ட்டில் பீஸுக்கு 1 ரூபாய் 40 காசு. கொடுத்த 6 சென்டில் கால் பங்கு அந்த வழியாகத் திரும்பி வரும்.